தாளவாடிக்கு எது பக்கம்? போக்குவரத்து அணுகலை அளப்பது பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஈரோடு மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், மலைக்கு மேலே இருக்கிறது தாளவாடி. அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டுமென்றால் ஆசனூர் வந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பண்ணாரி, சத்தியமங்கலம், கோபி என்று 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர். அதுவும் ஒரு மாவட்டத் தலைநகர்தான், அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தூரம், ஈரோட்டுக்கு ஆவதில் கால்வாசிதான் வரும். மலை இறங்கும் வேலையும் இல்லை.

இந்த ஊருக்குப் போக்குவரத்து வசதி எப்படி என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? தார்ச்சாலை இருக்கிறது, பேருந்து வருகிறது. ஆனால் அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் ஒரு பதில், திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போக வேண்டும் என்றால் வேறு பதில். சொந்த வண்டி இருப்பவருக்கு ஒன்று, பேருந்தை நம்பி இருப்பவருக்கு இன்னொன்று. பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. எதை அடைய, யார், எப்போது, எவ்வளவு சிரமப்பட்டு என்ற இந்தக் கேள்விகளை எண்ணாக மாற்றிப் பார்ப்பதற்குத்தான் வட்டாரத் திட்டமிடலில் ‘அணுகல் அளவீடு’ என்று பெயர்.

நம் திட்ட அறிக்கைகளில் வழக்கமாக இருப்பது இது அல்ல. எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டோம், ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனம் போகிறது, சராசரி வேகம் என்ன என்பவைதான் இருக்கும். இவை வாகனங்களின் ஓட்டத்தைச் சொல்லும் எண்கள். மனிதர்கள் எதை எட்ட முடிகிறது என்பதை அவை சொல்வதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலை அதே சாலைதான், பேருந்தின் வேகமும் அதேதான். ஆனால் தென்மாவட்டத்திலிருந்து வரும் வண்டி கோயம்பேட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டதால், வடசென்னைக்குப் போக வேண்டியவருக்கு அதற்கப்புறம் ஒரு தனிப் பயணம் சேர்ந்துகொண்டது. தாம்பரம்காரருக்கோ அது வீட்டுப் பக்கத்திலேயே வந்து இறங்கியது போல ஆயிற்று. வேகக் கணக்கில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. இதற்கு நேர்மாறாக, ஒரு குக்கிராமத்தில் பகுதிநேர ரேஷன் கடை திறந்தால், ஒரு சல்லிக்கல்கூடப் போடாமலே அந்த ஊரின் அணுகல் உயர்ந்துவிடும்.

இந்தப் பார்வையைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வால்டர் ஹான்சன் என்ற அமெரிக்கர். 1959-இல் வந்த அவருடைய கட்டுரை, வேலைவாய்ப்புகளை எளிதில் எட்டக்கூடிய இடங்களில்தான் வீடுகள் பெருகும் என்ற எண்ணத்தைச் சூத்திரமாக எழுதியது. இன்று புழங்கும் முறைகளில் பலவற்றுக்கு அதுதான் வேர். 2004-இல் நெதர்லாந்தின் கார்ஸ்ட் கெர்ஸ், பெர்ட் வான் வீ இருவரும் அணுகலை நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள்: வசதிகள் எங்கே இருக்கின்றன, அங்கே போகப் போக்குவரத்து என்ன, எந்த நேரத்தில், போகிறவர் யார். எந்த அளவுகோலைக் கொடுத்தாலும் இந்த நான்கில் எதை அது கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று பார்த்தால் போதும், அதன் குறை பிடிபட்டுவிடும்.

சாலை பக்கத்தில் இருந்தால் போதுமா

மிக எளிய அளவுகோல், வீட்டுக்கும் சாலைக்கும் அல்லது நிறுத்தத்துக்கும் உள்ள தூரம். உலக வங்கி 2006-இல் வெளியிட்ட ஊரக அணுகல் குறியீடு, எல்லாப் பருவத்திலும் வண்டி போகக்கூடிய சாலையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழும் ஊரக மக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறது. 2 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 25 நிமிட நடை. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. நகரங்களுக்கான இலக்கில், பேருந்து நிறுத்தம் 500 மீட்டருக்குள் இருக்கிறதா, மெட்ரோ போன்றவை என்றால் 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பது கேள்வி. 2000-த்தில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் இதே வகைதான். சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்பு, எல்லாப் பருவச் சாலையிலிருந்து 500 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் அது ‘இணைக்கப்படாத’ ஊர். மலைப்பகுதிக்கு அந்த அளவு 250 பேர், பாதைத் தூரம் 1.5 கிலோமீட்டர்.

இவற்றைக் குறை சொல்வது எளிது. சாலை வந்துவிட்டது, ஆனால் அதில் பேருந்து வரவில்லை என்றால் கணக்கில் ஊர் இணைந்துவிட்டது, பாட்டி மட்டும் நடந்துகொண்டே இருப்பார். ஆனாலும் இந்த அளவுகோல்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: தரவு குறைவாக இருந்தாலும் போட முடியும், யாருக்கும் விளக்கம் சொல்லாமலே புரியும். அதனால்தான் நாடுகளை ஒப்பிட இன்னும் இவற்றையே பயன்படுத்துகிறார்கள்.

இதற்கு ஒரு படி மேலே போனது லண்டன். 1992-இல் அங்கே ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் என்ற நகராட்சிப் பகுதி உருவாக்கிய முறையை, பின்னால் லண்டன் மாநகரம் முழுவதுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பெயர் ‘பீடால்’, அதாவது பொதுப் போக்குவரத்து அணுகல் மட்டம். கணக்கு ரொம்பச் சுலபம், கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடை, ஆக 5 நிமிடம். 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக அதில் பாதி, 6 நிமிடம் காத்திருப்பு. பேருந்து தாமதத்துக்காக 2 நிமிடம் கூட்டிக்கொள்கிறார்கள். மொத்தம் 13. சூத்திரத்தில் எப்போதும் மாறாமல் வரும் 30 என்ற எண்ணை 13-ஆல் வகுத்தால் 2.3. அதேபோல ரயில் நிலையம் 800 மீட்டர், 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் நடை 10, காத்திருப்பு 5, தாமதத்துக்கு முக்கால் நிமிடம், மதிப்பு 1.9. இரண்டையும் கூட்டினால் 4.2. ‘0’-வில் தொடங்கி ‘6பி’ வரை போகும் அந்த ஏணியில் இந்த வீடு ‘1பி’, அதாவது கிட்டத்தட்ட அடிமட்டம். பேருந்து நிறுத்தம் 640 மீட்டருக்கு அப்பால், ரயில் நிலையம் 960 மீட்டருக்கு அப்பால் இருந்தால் கணக்கிலேயே வராது. புதுக் கட்டடத்துக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் அனுமதிக்கலாம் என்பதைக்கூட இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஏறுகிற வண்டி எங்கே போகிறது என்று இந்த முறை கேட்பதே இல்லை. லண்டனில் எதில் ஏறினாலும் எங்காவது மாறி எங்கேயும் போய்விடலாம் என்பதால் அது பெரிய குறையாகத் தெரியாது. நம் கிராமத்துக்கு இதைத் தூக்கிவந்தால் கணக்கே குலைந்துவிடும். நாளுக்கு நான்கு நடை வரும் ஊரில் ‘இடைவெளியில் பாதி’ என்று போட்டால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் காத்திருப்பு என்று வரும். அப்படி யாரும் நிறுத்தத்தில் போய் நிற்பதில்லை. எட்டு மணி வண்டி என்றால் எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் கிளம்புவார்கள். அவர்களுடைய காத்திருப்பு நிறுத்தத்தில் நடப்பதில்லை. போன இடத்தில், வேலை முடிந்தபின் நடக்கிறது. இதற்குக் கீழே மறுபடியும் வருகிறேன்.

எட்டுவதை எண்ணிப் பார்ப்பது

அடுத்த முறை, திட்டமிடலாளர்கள் அதிகம் கையில் எடுப்பது: குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை வசதிகளை எட்டலாம் என்று எண்ணுவது. இந்த ஊரிலிருந்து 60 நிமிடத்துக்குள் எத்தனை மேல்நிலைப் பள்ளி, எத்தனை மருத்துவமனை, எத்தனை வேலை? அவ்வளவுதான். பஞ்சாயத்துத் தலைவருக்கும் புரியும், நிதித்துறைச் செயலருக்கும் புரியும். “இந்தப் பாலம் வந்தால் 12 ஊர்கள் ஒரு மணி நேர வட்டத்துக்குள் வந்துவிடும்” என்று சொல்லும்போது யாருக்கும் அகராதி தேவைப்படாது.

சிக்கல், அந்த நேர வரம்புக்கான வெட்டுக்கோடு எங்கே என்பதில். 59 நிமிடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு முழு மதிப்பு, 61 நிமிடத்தில் இருப்பதற்குப் பூஜ்யம். உண்மையில் யாருக்கும் அந்த இரண்டு நிமிடம் பொருட்டே இல்லை. அதோடு, 5 நிமிடத்தில் இருப்பதும் 55 நிமிடத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஹான்சனின் முறை இதைச் சரிசெய்கிறது. வெட்டுக்கோடு கிடையாது, தூரம் கூடக் கூட மதிப்பு தேய்கிறது. ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் மதிப்பு பாதியாகும் என்று வைத்தால், 20 நிமிடத்தில் உள்ள பள்ளி அரைப் பள்ளி, 40 நிமிடத்தில் உள்ளது கால், ஒரு மணி நேரத்தில் உள்ளது அரைக்கால். எல்லாவற்றையும் கூட்டினால் ஊரின் மதிப்பெண். மனிதர்களின் நடத்தைக்கு இது நெருக்கமானது, சந்தேகமில்லை. ஆனால் கூட்டி வரும் எண்ணுக்கு அலகு கிடையாது. “உங்கள் ஊருக்கு 3.7” என்றால் மக்கள் “எதில் 3.7?” என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. தேய்மானம் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம், வேலைக்கு வேலை மாறும். காய்கறி வாங்க 20 நிமிடம் போவதே அதிகம். இதய அறுவை சிகிச்சைக்கு 5 மணி நேரம்கூடப் போவார்கள். பயணப் பழக்கம் பற்றிய கணக்கெடுப்பு இல்லாத வட்டாரத்தில் அந்த எண்ணை ஊகித்துத்தான் போட வேண்டும். அதனால் மாவட்ட அளவிலான வேலைக்கு நான் எண்ணிப் பார்க்கும் எளிய முறையையே சிபாரிசு செய்வேன். ஒரே கோட்டை நம்பாமல் 30, 60, 90 நிமிடம் என்று மூன்று கோடு போட்டால் வெட்டுக்கோட்டுச் சிக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எட்டிவிட்டால் மட்டும் போதாது, அங்கே எவ்வளவு கூட்டம் என்பதும் உண்டு. இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான விதி சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று. இது தலைக்கணக்கு, அணுகல் கணக்கு அல்ல. இரண்டையும் சேர்க்க ஒரு முறை உண்டு. முதலில் ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி அரை மணி நேரத்துக்குள் வாழ்பவர்களை எண்ணி, ஆயிரம் பேருக்கு எத்தனை மருத்துவர் என்று பார்ப்பது. பிறகு ஊரின் பக்கம் திரும்பி, அரை மணி நேரத்துக்குள் எட்டும் நிலையங்களின் அந்த விகிதங்களைக் கூட்டுவது. பக்கத்திலேயே இருந்தும் எப்போதும் நெரிசலாக இருக்கும் மருத்துவமனை, இந்தக் கணக்கில் தன் உண்மையான மதிப்புக்கு இறங்கிவிடும்.

யாருக்கு ஒரு மணி நேரம்

மேலே ‘60 நிமிடம்’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். எதில் போனால் 60 நிமிடம்? 2020-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, உலகத்தை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மருத்துவ வசதிக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டது. மோட்டார் வாகனம் கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எட்ட முடியாதவர்கள் உலக மக்களில் 8.9 சதவீதம். நடந்துதான் போக வேண்டும் என்றால் 43.3 சதவீதம். அதே மருத்துவமனைகள், அதே மக்கள். இங்கிலாந்தில் 2003-இல் அரசின் சமூக ஒதுக்கல் பிரிவு வெளியிட்ட அறிக்கையிலும் இதே சங்கதிதான்: உள்ளூர் மருத்துவமனைக்குப் போகச் சிரமப்படுவோர், கார் இல்லாதவர்களில் 31 சதவீதம், கார் உள்ளவர்களில் 17 சதவீதம். அதற்குப் பிறகு அங்கே உள்ளாட்சிகளின் போக்குவரத்துத் திட்டங்களில் அணுகல் பற்றிய பகுதியும் சேர்ந்தது.

பணமும் இதில் சேர்த்தி. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும்: எக்ஸ்பிரஸ் வண்டியைப் போகவிட்டு, பின்னால் வரும் டவுன் பஸ்ஸுக்காக நிற்பார்கள். அவர்களுக்குச் செலவு பூஜ்யம், நேரம் அதிகம். பக்கத்தில் நிற்பவருக்கு நேரம் குறைவு, செலவு உண்டு. ஒரே நிறுத்தம், ஒரே ஊர், இரண்டு அணுகல். நேரத்தை மட்டும் அளக்கும் வரைபடம் இதில் பாதியைத்தான் காட்டும்.

இன்னும் நுட்பமானது நாளின் நேரம். ஸ்வீடனின் டார்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-இல் முன்வைத்தது இதைத்தான்: மனிதர் ஒரே சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், சில நேரம் சில இடத்தில் சிலரோடு இருந்தே ஆக வேண்டும், சில கதவுகள் குறிப்பிட்ட நேரத்தில்தான் திறந்திருக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அது திரும்புவதற்குள் வீட்டுக்கு வர வேண்டிய தாய்க்கு, அந்த இடைவெளியில் போய்வர முடிகிற இடங்கள் மட்டுமே உலகம்.

இங்கேதான் ‘போய்வருவது’ என்ற கணக்கு முக்கியமாகிறது. பெரும்பாலான அளவீடுகள் போவதை மட்டும் எண்ணுகின்றன. கணக்குக்காக ஒரு குக்கிராமத்தை வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து காலை 7.10, பகல் 12.40, மாலை 5.30 என்று மூன்று நடை. தாலுகா மருத்துவமனைக்கு 50 நிமிடம். வரைபடத்தில் இந்த ஊர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், பச்சை நிறம். இப்போது ஒரு நோயாளியோடு போய்ப் பார்ப்போம். 7.10-க்கு ஏறி 8 மணிக்கு இறங்கி, ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து முடிக்க 10.30. திரும்பி வரும் வண்டி டவுனில் 11.45-க்குத்தான் எடுக்கும். வீடு சேர 12.35. பேருந்தில் உட்கார்ந்தது 1 மணி 40 நிமிடம், ஆன நேரம் ஐந்தரை மணி. “ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ரெண்டு மணிக்கு மேல வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டால் அடுத்த வண்டி டவுனில் 4.35-க்கு. அன்றைய கூலி போச்சு. அந்தப் பகல் வண்டியை இரண்டரை மணிக்கு எடுத்தால் என்ன ஆகும் என்பது திட்டமிடலாளர் கேட்க வேண்டிய கேள்வி. காசு அதிகம் தேவையில்லாத மாற்றம், ஆனால் ஒருவழி நேரத்தை மட்டும் அளக்கும் வரைபடத்தில் அதனால் ஒரு புள்ளியும் நிறம் மாறாது.

அதேபோல நைட் ஹால்ட் வண்டி. இரவு கடைசி நடையாக ஊருக்கு வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்துறங்கி, விடியற்காலை முதல் நடையாகக் கிளம்பும் பேருந்து. எண்ணிக்கையில் அது இரண்டே நடை. ஆனால் அது வரும் ஊரில் ஒரு பெண் டவுனில் ஜவுளிக்கடை வேலையை முடித்துவிட்டு எட்டரை மணிக்கு ஏறலாம். அது நின்றுபோனால் அந்த வேலை அவளுக்கு எட்டாக்கனி. ‘நாளுக்கு எத்தனை நடை’ என்ற புள்ளிவிவரத்தை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம். முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற இரண்டு நேரம் அதைவிட அதிகம் சொல்லும்.

வரைபடத்தின் ஓரமும் நடுவும்

வட்டார அளவில் வேலை செய்யும்போது இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். முதலாவது, எல்லை. ஈரோடு மாவட்டத் திட்டத்துக்கு ஈரோடு மாவட்டத் தரவை மட்டும் கணினியில் ஏற்றினால், தாளவாடிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று வரும். சாம்ராஜ்நகர் வரைபடத்திலிருந்தே காணாமல் போய்விட்டது அல்லவா. அதற்காக எல்லையைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. சான்றிதழுக்கும் மனுவுக்கும் மாநிலம் மாறிப் போக முடியாது. அதற்கு மலை இறங்கித்தான் ஆக வேண்டும். சந்தைக்கும் அவசர சிகிச்சைக்கும் எல்லை தாண்டிய வட்டம், அரசு அலுவலகத்துக்கு எல்லைக்குள் அடங்கிய வட்டம் என்று இரண்டு கணக்காகப் போடுவதுதான் சரி. திம்பம் பாதைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தச் சாலையில், வன விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் விலக்கு உண்டு. ஆக அதே சாலை சிலருக்கு 24 மணி நேரச் சாலை, சிலருக்குப் பகல் சாலை. கான்குரீட்டும் தாரும் மட்டும் தெரிந்த மென்பொருளுக்கு இதை நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

இரண்டாவது, நடுப்புள்ளி. ஊராட்சிக்கு ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து அளப்பது வழக்கம், அது பெரும்பாலும் ஊராட்சி அலுவலகமோ மெயின் ரோட்டு நிறுத்தமோ ஆக இருக்கும். மலை ஊராட்சியில் ஏழெட்டு குக்கிராமங்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும். நடுப்புள்ளியிலிருந்து 40 நிமிடம் என்று வரும் இடத்துக்கு, கடைசிக் குக்கிராமத்துக்காரர் முதலில் ஒரு மணி நேரம் நடந்து சாலைக்கே வந்தாக வேண்டும். சராசரி அவரை விழுங்கிவிடும்.

தொடங்க என்ன வேண்டும்

சாலை வலையமைப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. பேருந்து நேர அட்டவணைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் வடிவம் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. இந்த இரண்டும் இருந்தால் ஆர்ஃபைவ், ஓப்பன்டிரிப்பிளானர் போன்ற இலவச மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான இடங்களுக்கு இடையிலான நேரத்தைச் சட்டென்று கணக்கிட்டுவிடும். நம் கிராமப்புற நடைகளுக்கு ஜிடிஎஃப்எஸ் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு தாலுகாவுக்கு அது அவசியமும் இல்லை. பேருந்து நிலையச் சுவரில் எழுதியிருக்கும் நேரம், டிப்போவில் கேட்டு வாங்கும் அட்டவணை, டீக்கடையில் விசாரித்தால் கிடைக்கும் ‘அந்த ஆறரை வண்டி இப்ப வர்றதில்லைங்க’ என்ற திருத்தம், இவற்றை எக்செல்லில் ஏற்றினால் போதும். மூன்றாவது தகவல் இல்லாமல் முதல் இரண்டையும் நம்ப வேண்டாம். காகிதத்தில் ஓடும் வண்டிகள் எல்லாம் சாலையில் ஓடுவதில்லை.

வரிசையில் குக்கிராமங்கள், நெடுவரிசையில் மூன்றே மூன்று இடங்கள்: மேல்நிலைப் பள்ளி, தாலுகா மருத்துவமனை, வாரச்சந்தை. ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, வேலையை முடித்து, வாசலுக்குத் திரும்பும் மொத்த நேரம். பேருந்தில் ஒரு முறை, இருசக்கர வாகனத்தில் ஒரு முறை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கே மிக அதிகமோ, அங்கே குறை சாலையில் இல்லை, பேருந்தில் இருக்கிறது. இரண்டிலுமே நேரம் அதிகம் என்றால் சாலையையோ, அந்த வசதியையே பக்கத்தில் கொண்டுவருவதையோ யோசிக்க வேண்டும். புதிய மினி பஸ் தடமோ, நேர மாற்றமோ, பாலமோ, எந்த யோசனை வந்தாலும் இதே அட்டவணையில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மறுபடி கணக்கிட்டு, எத்தனை குக்கிராமத்துக்கு எத்தனை நிமிடம் குறைந்தது என்று பக்கத்து நெடுவரிசையில் எழுதிக்கொள்ளலாம்.